பனிமலைக்குப் போக நாலு வழி

பனிமலைக்கு எப்படிப் போவது என்று நான் கேட்டபோது, என்னோடு வீட்டில் இருந்த நாலு பேரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது அந்தத் திசைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனால் வழி சொல்வதென்றால் எங்கள் சனத்துக்குத் தனிச் சந்தோசம். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் நாக்குச் சுட்டுவிடும்.

அப்போது நாங்கள் மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம், மூன்றாம் மாடியில் இருந்தோம். இரண்டு அறை, ஐந்து ஆம்பிளைகள், ஒரு அடுப்பு. மற்ற நாலு பேரும் யாழ்ப்பாணம். நான் ஒருவன்தான் திருகோணமலை. நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் தங்கள் பள்ளிக்கூடங்களையும் சந்திகளையும் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு அதில் பங்கில்லை. நான் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவிலும் பார்க்க ஒன்றுமில்லை, பனிதான்.

நான் கனடாவுக்கு வரும்போது என் மனைவிக்கு ஐந்து மாதம். அவள் தன் தாயோடு சென்னையில் ஓர் ஒற்றை அறையில் இருந்தாள். மகள் அங்கேதான் பிறந்தாள். அவளுடைய படம் என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. படம் எடுத்த நேரத்தில் பிள்ளை தலையைத் திருப்பிவிட்டாள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை. தாய்க்காரி கையால் பிள்ளையின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தப் பார்க்கிறாள், அந்தக் கை மட்டும் தெளிவு. பதினான்கு மாதப் பிள்ளைக்குத் தகப்பன் நான். பிள்ளை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஐப்பசியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. "எங்கட மாடியில கொஞ்ச நாள் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒராள் கனடாவுக்கு வாறார். அவரிட்டை ஒரு கசெட் குடுத்துவிட்டிருக்கிறன். பிள்ளை அதில உங்களைக் கூப்பிடுறாள்" என்று எழுதியிருந்தாள். அந்தக் காலத்தில் நாங்கள் குரலைக் கசெட்டில் பதிந்து, பயணம் வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவோம். சென்னைக்குத் தொலைபேசி எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கூட்டிவருவதற்குள் பாதி நேரம் போய்விடும், மீதி நேரம் "கேக்குதே, கேக்குதே" என்பதோடு முடிந்துவிடும். கசெட் அப்படியில்லை. கேட்டதைத் திரும்பக் கேட்கலாம்.

கார்த்திகை போனது, மார்கழி போனது, கசெட் வரவில்லை. தைமாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தமிழ்ச் சாமான் கடை முதலாளி என்னைக் கண்டதும் ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து நீட்டினார். கசெட் கொண்டுவந்த அந்த அண்ணை, மொன்ட்ரியால்-நோரில் இருந்த என் பழைய முகவரிக்குப் போய் ஆளில்லாமல் திரும்பியிருக்கிறார். பிறகு நகரத்துக்கு வடக்கே மலைநாட்டில் பனிச்சறுக்கு ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவும் வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். அங்கிருந்து கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கிறார்: கசெட் என்னிடம் பத்திரம், சீசன் முடியும்வரை எனக்கு லீவு இல்லை, சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை ஓய்வு, வரச் சொல்லுங்கோ.

தபாலில் அனுப்பச் சொல்லலாமே என்று கடை முதலாளி கேட்டார். "உங்கட பிள்ளையின்ர குரலெண்டா தபாலில விடுவீங்களே?" என்று கேட்டேன். 

சரி, வழிக்கு வருவோம்.

முதல் வழி ரயில். சொன்னவர் எங்கள் வீட்டில் மூத்தவர், ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருக்கு உலகத்தில் எந்த இடத்துக்கும் ரயில் போகும். "பார்க் மெட்ரோவுக்குப் பக்கத்தில அவ்வளவு பெரிய ஸ்டேசன் கிடக்கு, மலைக்குப் போகாமல் பின்ன எங்க போறது?" என்றார். புதன்கிழமை வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். தூண்களோடு அரண்மனை போல ஒரு கட்டடம். கதவெல்லாம் பூட்டு. பக்கத்தில் பனி வழித்துக்கொண்டிருந்த கிரேக்கக் கிழவர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "ரயிலா? அது எப்பவோ முடிஞ்சுது" என்று கையை விரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மூத்தவர் நம்பவில்லை. பின்பக்கத்தால் போய்ப் பார்த்தாயா என்று கேட்டார்.

இரண்டாவது வழி கார். நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் முன்னமே வந்து வீடு வாங்கி இருக்கிற எங்கள் ஆள் ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகளைப் பனிச்சறுக்கக் கூட்டிப்போவாராம். எங்கள் வீட்டில் ஒருவருக்கு அவரைத் தெரியும். நம்பர் வாங்கித் தொலைபேசி எடுத்தேன். பின்னால் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. நான் சொன்னதெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, பிள்ளையளின்ர சாமானே கார் முட்ட இருக்கும். பாத்துப் பேந்து சொல்லுறன்" என்றார். அந்தப் பேந்து இன்னும் வரவில்லை.

மூன்றாவது வழி தூரப் பஸ். நகரத்துப் பஸ் நிலையத்திலிருந்து போகிறது, ஆனால் மலைக்கு அல்ல, மலைக்கு முன்னால் இருக்கிற கிராமத்துக்கு. அங்கிருந்து நடக்க வேண்டும். அதைவிட, முதல் பஸ்ஸே ஒரு மணிக்குத்தான் அங்கே போய்ச் சேரும். அந்த அண்ணையின் ஓய்வு ஒரு மணியோடு முடிந்துவிடும்.

நாலாவது வழியைச் சொன்னவர் நகரத்தில் கந்தோர்க் கட்டடங்கள் துப்புரவு செய்பவர். பயணக் கடை ஒன்றின் கண்ணாடியில் மலைப்படம் ஒட்டியிருக்கிறது, பனிச்சறுக்குகிறவர்களை விடியவே ஏற்றிக்கொண்டுபோய்ப் பின்னேரம் கொண்டுவந்து விடுகிற பஸ் அது என்றார். "நீர் சறுக்க வேண்டாம், போயிட்டு வாருமன்" என்றார். ஐந்து பேரில் புத்தியுள்ளவர் அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டை, சிரித்த முகம். "போன்ஜூர்" என்றாள். நான் சனிக்கிழமைக்கு ஒரு ரிக்கெட் என்றேன். அவள் ஒரு படிவத்தை எடுத்து, என் உயரம் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சொன்னேன். நிறை என்ன என்றாள். அதையும் சொன்னேன். கால் என்ன அளவு என்றாள். அகதி விண்ணப்பத்துக்கு மருத்துவரிடம் அனுப்பியபோது இதே கேள்விகள்தான் கேட்டார்கள், அதற்குப் பிறகு நெஞ்சைப் படம் பிடித்தார்கள். இந்த நாட்டில் மலைக்குப் போகவும் உடம்பு சரியாக இருக்க வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு மேல்கோட்டின் முதல் இரண்டு பொத்தானையும் கழற்றிவிட்டேன். அவள் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். வெக்கையாக இருக்கிறதா என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று உடுப்புகள். எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், இல்லாவிட்டால் தெரிந்தவர்கள்போலச் சிரிக்கத் தெரிந்தவர்கள். கோவிலில் கொடுத்த கறுப்புக் கோட்டோடு நான் ஒருவன் இருந்தேன். கிறிஸ்தவக் கோவில், பழைய உடுப்பு இலவசமாகக் கொடுப்பார்கள். பஸ் நிறைந்தது. என் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை வெறுமையாகவே வந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. பின்னால் ஒரு கூட்டம் பிரெஞ்சில் பாட்டுப் பாடியது. கோப்பி கொண்டுவந்த பெண் எனக்கும் ஒன்று தந்தாள். "மெர்சி" என்றேன். அந்த இரண்டரை மணித்தியாலத்தில் என் வாயிலிருந்து வந்த சொல் அது ஒன்றுதான்.

மலையடியில் இறங்கியதும் வரிசையில் விட்டு எல்லாருக்கும் சப்பாத்தும் பலகையும் கொடுத்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டு எனக்கும் நீட்டினார்கள். அப்போதுதான் அந்தப் பெட்டை ஏன் என் காலைக் கேட்டாள் என்று விளங்கியது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரிக்கெட்டில் சேர்ந்த சாமானை விட்டுவிட்டு வருகிற வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. வாங்கினேன். இரும்புபோலப் பாரம். அவற்றைத் தோளில் சுமந்துகொண்டு ஹோட்டலைத் தேடினேன்.

இந்த இடத்தில்தான் என் மண்டை பிழை விட்டது. கடையில் ஒட்டியிருந்த படத்தில் மலை உச்சியில் ஒரு கட்டடம் இருந்தது. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த திருகோணமலையில் கோணேசர் இருப்பது மலை உச்சியில். பெரிய இடம் என்றால் மேலேதான் இருக்கும், சனம் கீழேயிருந்து ஏறிப்போக வேண்டும். ஹோட்டலும் பெரிய இடம்தானே. மேலே போக, கம்பியில் தொங்குகிற நாற்காலிகள் ஓடிக்கொண்டிருந்தன. என் ரிக்கெட்டில் அதுவும் சேர்ந்திருந்தது. பலகையையும் சப்பாத்தையும் ஒரு மூலையில் சாத்திவைத்துவிட்டு, யாரும் களவெடுத்துவிடக்கூடாது என்று கும்பிடாத குறையாக இரண்டுமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்றேன். நாற்காலிக்காரன் என் சாதாரணச் சப்பாத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், ஏதோ சொன்னான். நான் மேலே கையைக் காட்டினேன். அவன் நாற்காலியை மெதுவாக்கி என்னை இருத்திவிட்டான்.

மேலே ஒரு கொட்டில் இருந்தது. உள்ளே ஒரு சூடாக்கியும், காயம்பட்டால் தூக்குகிற கட்டிலும், சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருவரும். வெளியே காற்று, காதை அறுக்கிற காற்று. ஹோட்டல் என்று கேட்டேன். அந்த மனிதர் என்னை வெளியே கூட்டிவந்து கீழே கையை நீட்டினார். பஸ் எங்களை இறக்கிய இடத்துக்குப் பின்னால், குவித்து வைத்த பனி மேட்டுக்கு அந்தப் பக்கம், நீளமான ஒரு கூரை. புகைபோக்கியிலிருந்து புகை. நான் இறங்கிய இடத்திலிருந்து நூறு அடி நடந்திருந்தால் போதும். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். மணி பதினொன்றரை.

எல்லாரும் சறுக்கித்தான் இறங்குவார்கள். எனக்கு அது சரிவராது என்று அவருக்கே தெரிந்தது. கீழே இறங்குகிற வெறும் நாற்காலி ஒன்றில் என்னை ஏற்றிவிட்டார். மேலே வருகிற நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஆட்கள். கீழே போகிற நாற்காலிகளில் நான் ஒருவன். எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்தார்கள். சில பிள்ளைகள் கை காட்டினார்கள். பாதி வழியில் காற்றுக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்படி எவ்வளவு நேரம் தொங்கினேன் என்று சரியாகச் சொல்லத் தெரியாது. கால் விறைத்தது, பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. கீழே ஹோட்டலின் பின்பக்கம் நன்றாகத் தெரிந்தது. ஒரு கதவு திறந்து, வெள்ளை ஏப்ரன் கட்டிய மனிதர் ஒருவர் வெளியே வந்தார். தெருவைப் பார்த்தார். கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார். திரும்பவும் தெருவைப் பார்த்தார். எங்கள் ஆள் என்று அந்த நடையிலேயே தெரிந்தது. "அண்ணை! அண்ணை! இஞ்ச மேல!" என்று கத்தினேன். எதிர் நாற்காலியில் தொங்கிய ஒரு கிழவி திடுக்கிட்டாள். காற்றில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். பிறகு திரும்பவும் வெளியே வந்து பார்த்தார். கடைசியாக உள்ளே போனவர் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

நான் அந்தப் பின்கதவைத் தட்டும்போது மணி ஒன்றரை. சமையலறை முழுக்க ஆவி. அவர் தொட்டிக்கு முன்னால் முழங்கைவரை நுரையோடு நின்றார். ஐம்பதை நெருங்குகிற வயது, பெரிய மீசை.

"தம்பியோ? திருகோணமலைத் தம்பியோ?"

"ஓம் அண்ணை."

"பன்ரண்டு மணியிலயிருந்து வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"கண்டனான் அண்ணை. நான் அந்தக் கம்பியில தொங்கிக்கொண்டு நிண்டனான்."

அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, பெரிய சமையல்காரரிடம் போய்ப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து நிமிசம் கிடைத்தது. என்னைக் கீழே நிலவறைக்குக் கூட்டிப்போனார். யன்னல் இல்லாத அறை, ஒரு கட்டில், ஒரு கதிரை. கதிரையில் ஒரு ரேப் ரெக்கோடர், அதன்மேல் மடித்த துவாய் போர்த்தியிருந்தது. துவாயை எடுத்து, கசெட் உள்ளேதான் இருக்கிறது என்றார். அவரிடம் இருந்த ஒரே கசெட் அதுதான் என்பது அப்போது எனக்கு மண்டையில் ஏறவில்லை. பொத்தானை அமத்தினேன்.

"இஞ்சேருங்கோ, நான்தான். சிவப்பு லைட் பத்துது, அப்ப பதியுது எண்டு நினைக்கிறன்." அவள்தான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, தொலைபேசி இரைச்சல் இல்லாமல் அவள் குரல். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது என்றாள். பிள்ளைக்கு மேலே இரண்டு பல் வந்துவிட்டது, கொடியில் போட்ட உடுப்பெல்லாம் இழுத்து விழுத்துகிறாள் என்றாள். "இப்ப உங்களைக் கூப்பிடப் போறாள். கேளுங்கோ. சொல்லு செல்லம், அப்பா..."

டக் என்று ஒரு சத்தம்.

"...பாத்தீங்களே! ஐயோ, இவளின்ர குழப்படி! சரி, நான் வைக்கிறன். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போங்கோ."

முடிந்தது. திரும்பச் சுற்றிப் போட்டேன். அதே டக். மூன்றாம் தரமும் போட்டேன்.

"பிள்ளையின்ர குரல் எங்க அண்ணை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "மெசின் சப்பிப் போட்டுது தம்பி. அந்த இடத்தை மட்டும். இழுத்து எடுக்கேக்க கசங்கிப் போச்சு. வெட்டி, செலோரேப் வைச்சு ஒட்டினனான்." தலையணைக்குக் கீழிருந்து ஒரு கடித உறையை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே சுருண்டு கசங்கிய மண்ணிற நாடா, ஒரு முழம் இருக்கும்.

"ஏன் இதைப் போட்டனீங்கள்? ஆரின்ர சாமான் இது?"

"தம்பி, நான் ஒருக்காப் போட்டுப் பாத்தனான், பழுதில்லாமல் வந்து சேந்திட்டுதோ எண்டு. பேந்து..." அவர் கட்டிலில் இருந்தார். "பேந்து ஒவ்வொரு நாளும் கேட்டனான். எனக்கு ஆரும் கசெட் அனுப்ப இல்லை. மனுசியும் பெடியள் ரெண்டு பேரும் இந்தியாவுக்கெண்டு வள்ளத்தில ஏறினவையள் எண்டு மட்டும்தான் தெரியும். பதினொரு மாசம். இஞ்ச நான் கேக்கிற தமிழ் இந்தப் பெட்டிக்குள்ளதான்."

எனக்கு அவர் சொன்னது காதில் ஏறியது, நெஞ்சில் ஏறவில்லை. என் பிள்ளை என்னைக் கூப்பிட்டதை யாரோ ஒரு மனிதர் ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறார், எனக்கு மிஞ்சியது ஒரு டக். "எனக்கு இனி ஆர் அதைத் தாறது?" என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு, "எனக்கு அது முழுக்கப் பாடம் தம்பி" என்றார்.

எழுந்து நின்றார். ஏப்ரனில் கையைத் துடைத்தார். அந்தப் பெரிய மீசைக்குக் கீழே வாயைக் குவித்துக்கொண்டு, மெல்லிய குரலில், "ப்பா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ப்பூ" என்றார். பிறகு ஒரு விக்கல். பிள்ளை விக்கும்போது மூச்சு உள்ளே இழுபடுமே, அதேமாதிரி. பிறகு "ப்பா... ப்பா... ப்பா" என்று மூன்றுதரம் வேகமாக. பிறகு உள்ளங்கையால் ரேப் ரெக்கோடரில் ஒரு அடி. "இதில பிள்ளை மெசினுக்கு அடிச்சவ" என்று தன் குரலில் சொன்னார். அடித்துவிட்டுப் பிள்ளை சிரித்ததாம். அந்தச் சிரிப்பையும் சிரித்துக் காட்டினார். நான் திரும்பச் சொல்லுங்கோ என்றேன். சொன்னார். விக்கல் அதே இடத்தில் வந்தது. அந்த நிலவறையில், என் மகள் என்னை முதல்தரம் அப்பா என்று கூப்பிட்டாள்.

மேலேயிருந்து சமையல்காரர் கூப்பிட்டார். பத்து நிமிசம் முடிந்துவிட்டது. நான் கசெட்டை வெளியே எடுத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கோவிக்காட்டி ஒண்டு கேக்கட்டே? இன்னும் ஒரு கிழமை இஞ்ச கிடக்கட்டுமே. இனி மெதுவாப் போடுவன். அடுத்த சனி நீங்கள் வராட்டியும் நான் எப்பிடியும் அனுப்பி விடுவன்."

"உங்களுக்கு வெக்கமில்லையே அண்ணை? என்ர மனுசியின்ர குரலை வைச்சுக் கேக்கிறதுக்கு?"

அப்படித்தான் சொன்னேன். இதே சொற்கள். அவருடைய முகம் மாறவில்லை. "சரி தம்பி, சரி" என்றார். கசெட்டை என்னிடமிருந்து வாங்கி, பனி படாதபடி இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுத் தந்தார். வாசலில் வைத்து, சமையலறையில் சுட்ட இரண்டு பாண் உருண்டையைக் கோட்டுப் பைக்குள் திணித்தார். பிறகு தொட்டிக்குப் போய்விட்டார். நான் போய்ப் பலகையையும் சப்பாத்தையும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். யாரும் களவெடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாலு பேரும் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். "போடும், கேப்பம்" என்றார் மூத்தவர். நான் யோசிக்கக்கூட இல்லை, போட்டேன். நாலு பேரும் சுற்றி இருந்து கேட்டார்கள். என் மனைவி தண்ணீர் வராததைச் சொன்னபோது ஒருவர் உச்சுக் கொட்டினார். தலையை மூடிக்கொண்டு போங்கோ என்று அவள் சொன்னபோது மூத்தவர் தன் தலையைத் தடவிக்கொண்டார், அவருக்குச் சொன்னதுபோல. இன்னொருக்காப் போடும் என்றார்கள். போட்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த நாலு பேருக்கும் நான் வெக்கமில்லையா என்று சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றக்கூட இல்லை. நிலவறையில் தனியே இருந்த மனிதருக்குத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த நாள் பிரதி எடுத்தோம். இரண்டு ரேப் ரெக்கோடரை எதிரெதிரே மேசையில் வைத்து, ஒன்றைப் பாடவிட்டு மற்றதில் பதிந்தோம். ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். நடுவில் கீழ்வீட்டுக் கிரேக்கக்காரி மகனைக் கூப்பிட்டுக் கத்தியதும் பதிந்துவிட்டது. பரவாயில்லை, அண்ணைக்கு ஒரு சத்தம் கூட என்றார் மூத்தவர்.

பிரதி கையில் இருந்தது. அடுத்த சனிக்கிழமையே போயிருக்கலாம். போகவில்லை. தபாலிலும் போடவில்லை. நேரில் போய்க் குடுத்தால்தான் மரியாதை என்று எனக்கு நானே சொன்னேன், ஆனால் உண்மை என்னவென்றால் அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ரோசம், வெட்கம், இரண்டும் சேர்ந்த ஏதோ ஒன்று. தையல் தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலை இருக்கிறது என்று எல்லாருக்கும் சாட்டுச் சொன்னேன். மூன்று சனிக்கிழமை அப்படிப் போனது.

நாலாவது சனிக்கிழமை தூரப் பஸ்ஸில் போனேன். அவருடைய ஓய்வு நேரம் முடிந்திருக்கும், பரவாயில்லை, பின்கதவு எனக்குத் தெரியும். கிராமத்தில் இறங்கி, பனி வழித்த தெருவோரமாக நடந்தேன். பலகை கட்டிய கார்கள் என்னைக் கடந்து போயின, ஒன்றும் நிற்கவில்லை, நான் கையும் காட்டவில்லை. அவரிடம் என்ன சொல்வது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பின்கதவைத் தட்டினேன். தொட்டிக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் நின்றார். நான் மீசையை விரலால் வரைந்து காட்டினேன். பெரிய சமையல்காரர் வந்து என்னை அடையாளம் கண்டு, கையை வெளிப்பக்கமாக வீசினார். போய்விட்டார். போன கிழமை. எங்கே என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். நிலவறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். விட்டார். கட்டிலில் வேறு யாருடையதோ உடுப்புகள். ரேப் ரெக்கோடர் இருந்த கதிரையில் ஒரு சோடி ஈரச் சப்பாத்து.

ரொறன்ரோவில் கேட்டேன். வன்கூவரில் தெரிந்தவர்கள் மூலம் கேட்டேன். பெரிய மீசை, யாழ்ப்பாணம், மனைவியும் இரண்டு ஆண் பிள்ளைகளும் வள்ளத்தில் ஏறியவர்கள். இப்படிச் சொன்னால் எத்தனை பேர் இருப்பார்கள்? பிரதி எடுத்த கசெட்டில் "அண்ணைக்கு" என்று எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

மனைவியும் மகளும் வந்து சேர இன்னும் சில வருடம் எடுத்தது. மகள் விமான நிலையத்தில் தாயின் சேலைக்குப் பின்னால் நின்றாள், அன்றைக்கு என்னை ஒன்றும் கூப்பிடவில்லை. அது பிறகு சரிவந்தது. அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். வகுப்பு முழுக்கப் பனிமலைக்குப் போகிறதாம், மஞ்சள் பஸ்ஸில், வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவார்கள். உயரம், நிறை, கால் அளவு. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்திருக்க வேண்டும், "என்னப்பா?" என்று கேட்டாள்.

லாச்சியைத் திறந்து கசெட்டை எடுத்துப் போட்டுக் காட்டினேன். தாய் பேசுவதைக் கேட்டுச் சிரித்தாள். டக் வந்ததும், "இதில நான் எங்க?" என்று கேட்டாள். நான் வாயைக் குவித்து, ப்பா என்றேன். ப்பூ என்றேன். விக்கினேன். பிறகு மூன்று ப்பாவும் வேகமாகச் சொல்லி, மெசினில் ஒரு அடியும் அடித்துச் சிரித்துக் காட்டினேன். ஒன்றும் மறந்திருக்கவில்லை.

அவள் முகத்தைச் சுளித்தாள். "அது நான் இல்லை. ஆரோ ஒரு வயசுபோன ஆள்" என்றாள்.

அவள் சொன்னது சரி. அந்தக் குரலை எனக்குத் தந்தவர் என்னிடம் கேட்டது ஒரு கிழமைதான். நான் கொடுக்கவில்லை.